நகத்துக்குள் ஒளிந்திருக்கும் வலி

சுபஹுக்கு எழுந்து வுழூச் செய்வதற்காகக் குழாயைத் திறக்கிறீர்கள். குளிர்ந்த தண்ணீர் கையில் பட்டதுதான் தாமதம், ஒரே ஒரு விரலின் நுனியில், நகத்துக்கு அடியில் சுரீரென்று ஒரு வலி எழும்புகிறது. ஊசி குத்தியது போல ஆரம்பித்து முழங்கை வரையும், சில வேளைகளில் தோள்மூட்டு வரையும் ஏறுகிறது. கையைச் சேலைத் தலைப்புக்குள் பொத்திக்கொண்டு சிறிது நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் மெல்ல மெல்ல அடங்கிப் போகிறது. அதன் பிறகு ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். வீக்கமில்லை, சீழில்லை, காயமுமில்லை.

சட்டைப் பொத்தானைப் போடும்போது, தேங்காய் திருவும்போது, ஐஸ் போட்ட மீனைக் கழுவும்போது, பிள்ளையின் தலையை வாரும்போது அந்த விரல் எதிலாவது இலேசாகத் தட்டுப்பட்டாலும் அதே வலிதான். இரவில் போர்வை உரசினாலே சிலருக்குத் தூக்கம் கலைந்துவிடும். நாளடைவில் அந்த ஒரு விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு குசினி வேலை முழுவதையும் செய்யப் பழகிவிடுகிறார்கள்.

சகோதரிகளே, இப்படியான வலி உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், அது கற்பனை என்று யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கு ஒரு பெயர் உண்டு. கண்டுபிடிக்க வழி உண்டு. பெரும்பாலானோருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும் சிறியதொரு சத்திரசிகிச்சையால் அதை முற்றாக நீக்கிவிடவும் முடியும்.

பார்ப்பவர் நம்பாத நோய்

கை உடைந்தால் பிளாஸ்டர் தெரிகிறது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். நகத்துக்கு அடியில் இருக்கும் கடுகளவு கட்டியை யார் காணப் போகிறார்கள்? முதலில் நகச்சுற்று என்று விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகுவார்கள். பிறகு வாதம் என்று தைலம் பூசுவார்கள். அதற்கும் கேட்காவிட்டால் கண்ணூறு என்று ஓதிப் பார்ப்பார்கள். டொக்டரிடம் போனாலும் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, கழுத்தெலும்புத் தேய்வாக இருக்கலாம், நரம்புத் தளர்ச்சியாக இருக்கலாம் என்று விற்றமின் குளிசைகளோடு திரும்பி வர நேரிடுகிறது. கடைசியில் மாமி ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்: "வேலைக்குக் கள்ளம்!" விரல் வலியைவிட அந்த வார்த்தை நீண்ட காலம் வலிக்கும்.

இது நமது வீடுகளில் மட்டும் நடப்பதல்ல. வலி தொடங்கிப் பல வருடங்கள் கழிந்த பின்னரே காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாக எத்தனையோ நாடுகளின் மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. நோய் மனதில்தான் இருக்கிறது என்று மனநல வைத்தியரிடம் அனுப்பப்பட்டவர்களும் அந்தக் குறிப்புகளில் உண்டு. டொக்டர்மாரைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கையில் உண்டாகும் கட்டிகள் 100ஐ எடுத்துக்கொண்டால் அதில் இந்த வகை 5க்கு மேல் வராது. ஒரு குடும்ப வைத்தியர் தமது தொழிற்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டு பேரை மட்டுமே சந்திக்கக்கூடும். ஆகவே நோயாளி வாய் திறந்து சரியான விபரங்களைச் சொல்வது இங்கே மிகவும் முக்கியமாகிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நூற்பந்து போன்ற ஒரு சிறு பொருள்

இந்தக் கட்டிக்குக் குளோமஸ் கட்டி என்று பெயர். குளோமஸ் என்பது லத்தீன் மொழிச் சொல். நூலைச் சுற்றி உருட்டிய பந்து என்பது அதன் பொருள். கட்டி வருவதற்கு முன்பே, நம் எல்லோருடைய விரல் நுனிகளிலும் குளோமஸ் எனப்படும் மிக நுண்ணிய உறுப்புகள் ஏராளமாக இருக்கின்றன. நகத்துக்கு அடியில் அவை நெருக்கமாக அமைந்திருக்கின்றன.

அவற்றின் வேலை என்ன? சாதாரணமாக இரத்தம் நாடியிலிருந்து மயிர்த்துளைக் குழாய்களுக்குள் சென்று, அங்கிருந்து நாளத்துக்குப் போய்ச் சேரும். குளோமஸ் உள்ள இடத்திலோ நாடியையும் நாளத்தையும் நேராக இணைக்கும் ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. உடல் சூடேறும்போது அந்தப் பாதை திறந்து தோலுக்குக் கூடுதலான இரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்றும். குளிர் படும்போது இறுக மூடிக்கொண்டு உடலின் சூட்டைக் காப்பாற்றும். வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு வால்வு இருப்பதைப் போல, விரல் நுனிக்கு இது. இதைத் திறந்து மூடுவதற்கென்றே அதைச் சுற்றித் தசைநார் போன்ற விசேட கலங்களும், ஏராளமான நரம்பு நுனிகளும் இருக்கின்றன.

இந்தக் கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் அதுவே குளோமஸ் கட்டி. பெரும்பாலும் சில மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. அவ்வளவு சிறியது இவ்வளவு வலியைத் தருவது ஏன் என்று கேட்பீர்கள். இடத்தைப் பாருங்கள். மேலே கடினமான நகம். கீழே விரலின் கடைசி எலும்பு. நடுவில் நகப்படுகை மட்டும்தான். அது எலும்போடு ஒட்டியே இருக்கிறது. உள்ளங்கையிலோ தொடையிலோ ஒரு கட்டி வளர்ந்தால் அக்கம்பக்கத்துச் சதை விலகி இடம் கொடுக்கும். நகத்துக்கு அடியில் விலக இடமில்லை. குளிர் பட்டதும் கட்டியின் கலங்கள் சுருங்கி இறுகுகின்றன; உள்ளே அமுக்கம் கூடுகிறது; நரம்பு நுனிகள் நெருக்கப்படுகின்றன. வலி அங்கிருந்து புறப்படுகிறது.

இந்தக் கட்டியைப் பற்றிய முதலாவது விவரிப்பாகக் கருதப்படுவது ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த வில்லியம் வூட் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர் 1812ஆம் ஆண்டில் எழுதியதாகும். தோலுக்கடியில் உண்டாகும் வலிமிகுந்த சிறு முடிச்சு என்று அவர் அதைக் குறிப்பிட்டார். அது எதனால் ஆனது என்பது அன்றைக்குத் தெரியாது. நூறு வருடங்களுக்கு மேல் கழிந்து, 1924இல் பியர் மாசோன் என்ற பிரெஞ்சு நோயியல் அறிஞர் நுணுக்குக்காட்டியின் கீழ் பரிசோதித்து, இது விரல் நுனியிலுள்ள குளோமஸ் உறுப்பிலிருந்தே உருவாகிறது என்று எடுத்துக் காட்டினார். பெயர் அப்படித்தான் வந்தது.

நகத்துக்கு அடியில் வரும் குளோமஸ் கட்டி பெண்களையே அதிகம் பிடிக்கிறது. 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்டவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. வீட்டு வேலை அதிகம் செய்ததால் வந்தது, சவர்க்காரத்தால் வந்தது என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்; அதற்கு ஆதாரமில்லை. இது புற்றுநோயும் அல்ல. புற்றாக மாறிய குளோமஸ் கட்டிகள் மிக மிக அபூர்வம்.

மூன்று அடையாளங்கள்

டொக்டரிடம் போகும்போது "விரல் வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்று விடயங்களைக் கவனித்துச் சொல்லுங்கள். ஒன்று, வலி திடீர் திடீரென்று வந்து அடங்குகிறதா? இரண்டு, குளிர்ந்த தண்ணீரோ ஐஸோ பட்டால் கிளம்புகிறதா? மூன்று, விரல் நுனி முழுவதும் வலிக்கிறதா, ஒரு புள்ளியில் மட்டும் வலிக்கிறதா? இந்த மூன்றாவதுதான் மிகவும் முக்கியம். தீக்குச்சியின் மருந்தில்லாத முனையை எடுத்து நகத்தின் மேல் வெவ்வேறு இடங்களில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். குளோமஸ் கட்டி இருந்தால் ஒரு புள்ளியில் உயிர் போகும் வலியும், அதற்குச் சற்றுத் தள்ளி அழுத்தினால் ஒன்றுமே இல்லாத நிலையும் இருக்கும்.

வைத்தியர்கள் செய்யும் பரிசோதனையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த கிராப்டன் லவ் என்பவர் 1944இல் இதை எழுதி வைத்ததால் லவ் பரிசோதனை என்கிறார்கள். குண்டூசியின் தலையால் அழுத்திப் பார்ப்பார்கள். இன்னொரு பரிசோதனை 1970இல் ஹில்ட்ரெத் என்பவர் கூறியது. கையை உயர்த்தி இரத்தத்தை வடியச் செய்து, பிரஷர் பார்க்கும் பட்டியை மேற்கையில் கட்டி இறுக்கிவிட்டு, அதே புள்ளியை மீண்டும் அழுத்துவார்கள். இரத்தம் வடிந்த நிலையில் வலி மறைந்திருக்கும். பட்டியைத் தளர்த்தி இரத்தம் பாய்ந்ததும் வலி திரும்பி வரும். பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், கிராமத்து டிஸ்பென்சரியிலும் செய்யக்கூடிய சோதனைகள் இவை. இவ்வளவு சுலபமான சோதனைகள் இருந்தும் நோய் வருடக் கணக்கில் மறைந்திருப்பதுதான் வேதனை.

நகத்தையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிலருக்கு நகத்தினூடாக நீலம் பாய்ந்த அல்லது சிவந்த ஒரு சிறு புள்ளி தெரியும். சிலருக்கு நகத்தின் அடியிலிருந்து நுனி வரை ஒரு சிவந்த கோடு ஓடும். அந்தக் கோடு முடியும் இடத்தில் நகம் வெடித்திருக்கவும்கூடும். இங்கே ஒரு சிறிய வேண்டுகோள். பெருநாள், கல்யாணம் என்று மருதோன்றி வைப்பது நமது வீடுகளில் வழக்கம். நோவுள்ள விரலின் நகத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒருமுறை பிடித்த நிறம் நகம் வளர்ந்து போகும் வரை போகாது. அடியில் உள்ள புள்ளியை அது மறைத்துவிடும். நகப் பூச்சும் அப்படியே.

எக்ஸ்ரேயில் கட்டி தெரியாது. நீண்ட காலம் இருந்த கட்டியானால் அது அழுத்திய இடத்தில் எலும்பில் ஒரு சிறு பள்ளம் தெரியலாம். பள்ளம் இல்லை என்பதால் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அனுபவமுள்ளவர் கையில் நன்றாக உதவும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இவற்றிலெல்லாம் தெளிவானது. ஆனால் செலவு அதிகம், மிகச் சிறிய கட்டிகள் அதற்கும் தப்பிவிடுவதுண்டு. மேலே சொன்ன மூன்று அடையாளங்களும் தெளிவாக இருந்தால், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விடயத்தை மூடிவிட வேண்டாம் என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

நகத்தடியில் வரும் எல்லாமே குளோமஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகத்துக்குப் பின்னால், கடைசி மூட்டின் அருகே பளபளப்பான ஒரு சிறு கொப்பளம் வந்து, நகத்தில் நீளவாட்டில் ஒரு பள்ளத்தை உண்டாக்கினால் அது மூட்டுத் தேய்வோடு சம்பந்தப்பட்ட நீர்க்கட்டியாக இருக்கலாம். அதை வீட்டில் ஊசியால் குத்தி உடைக்கவே கூடாது. பெரும்பாலும் அது மூட்டோடு தொடர்புள்ளது. கிருமி உள்ளே போனால் மூட்டே பழுதாகிவிடும். கால் பெருவிரல் நகத்தைத் தூக்கிக்கொண்டு கல் போல ஒன்று வளர்ந்தால், அதுவும் இளம் வயதினருக்கு வந்தால், எலும்பு முளையாக இருக்கக்கூடும். அது எக்ஸ்ரேயில் தெரியும். இவையெல்லாம் ஆபத்தில்லாதவை. கவனமாக இருக்க வேண்டியது வேறொன்று. வளர்ந்த ஒருவரின் ஒரே ஒரு நகத்தில் கறுப்பு அல்லது கபிலக் கோடு புதிதாகத் தோன்றி, நாளுக்கு நாள் அகன்று, நகத்தின் அருகிலுள்ள தோலிலும் கருமை பரவினால் வலி இல்லாவிட்டாலும் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். அது புற்றுநோயாக இருக்கச் சிறிதளவு இடமுண்டு. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோலுள்ளவர்களுக்குப் பல நகங்களில் இலேசான கபிலக் கோடுகள் இருப்பது சகஜம். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

கத்தி வைக்காமல் முடியாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. குளோமஸ் கட்டியைக் கரைக்கும் குளிசை கிடையாது. வலிக் குளிசைகள் அந்த நேரத்துக்குக்கூடப் பலருக்கு உதவுவதில்லை. எண்ணெய், ஒத்தடம், பத்து எதுவும் நகத்தைத் தாண்டிக் கட்டிக்குப் போகாது. தானாக மறையும் என்று காத்திருந்து பயனில்லை. முழுவதுமாக அறுத்து எடுப்பது ஒன்றே சிகிச்சை. கையில் சத்திரசிகிச்சை செய்யும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் அல்லது எலும்பு முறிவு வைத்திய நிபுணரிடம் உங்கள் குடும்ப வைத்தியரிடமிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். அரசாங்க வைத்தியசாலையில் கிளினிக் வழியாகப் போனால் சத்திரசிகிச்சைக்குக் கட்டணமில்லை.

சத்திரசிகிச்சை என்றதும் நெஞ்சு படபடக்கும். அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. விழித்திருக்கும்போதே செய்வார்கள். ஊசி போடுவதற்கு முன்னரே, எந்தப் புள்ளியில் வலிக்கிறது என்று உங்களிடம் கேட்டுப் பேனையால் அடையாளம் இடுவார்கள். இது முக்கியமான படி. விரல் விறைத்த பிறகு உங்களால் இடத்தைக் காட்ட முடியாது, கட்டியோ கடுகளவு. யாராவது அவசரத்தில் மறந்துவிட்டால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள், வெட்கப்பட வேண்டாம். பிறகு விரலின் அடிப்பகுதியில் இரு பக்கமும் விறைப்பூசி போடுவார்கள். அந்த ஊசி சுள்ளென்று வலிக்கும்தான். சில நிமிடங்களில் விரல் மரத்துப் போகும். தொடுவது தெரியும், வலி தெரியாது. அடுத்து விரலின் அடியில் ஒரு இறப்பர் பட்டியைக் கட்டி இரத்தத்தை நிறுத்துவார்கள். இரத்தம் கசிந்துகொண்டிருந்தால் அவ்வளவு சிறிய கட்டியை அக்கம்பக்கத்து இழையத்திலிருந்து பிரித்தறிய முடியாது. பலர் உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்தே செய்வார்கள்.

கட்டியை அடைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது நகத்தின் வழி. நகத்தை முழுவதுமாகவோ, ஒரு பகுதியை மட்டுமோ மெதுவாகத் தூக்கி, கீழே உள்ள நகப்படுகையில் நீளவாட்டில் ஒரு சிறு கீறல் போடுவார்கள். கட்டி பெரும்பாலும் ஒரு மெல்லிய உறைக்குள் சாம்பல் கலந்த இளஞ்சிவப்பாக அல்லது நீலமாக இருக்கும். பயற்றங்காய்க்குள்ளிருந்து மணியைப் பிதுக்கி எடுப்பது போல அதைச் சுற்றி விடுவித்து எடுப்பார்கள். பிறகு மயிரிழை போன்ற, தானாகக் கரையும் நூலால் நகப்படுகையைத் தைப்பார்கள். எடுத்த நகத்தையே சுத்தம் செய்து மீண்டும் மேலே வைத்துவிடுவதும் உண்டு. புதிய நகம் வளரும் வரை அது ஒரு மூடி போலப் பாதுகாக்கும்.

இரண்டாவது பக்கவாட்டு வழி. விரலின் ஓரத்தில் கீறி, நகப்படுகையை எலும்பிலிருந்து மெல்ல உயர்த்தி, பக்கத்திலிருந்து கட்டியை எடுப்பார்கள். நகத்தைத் தூக்குவதில்லை, நகப்படுகையில் வெட்டும் இல்லை. ஆகவே பின்னர் நகம் கோணலாக வளரும் பயம் குறைவு. கட்டி ஓரமாக இருந்தால் இது பொருத்தம். நடுவில் இருந்தால் இந்த வழியில் முழுக் கட்டியும் கண்ணுக்குப் படாமல் ஒரு துண்டு தங்கிவிடலாம். எந்த வழி சிறந்தது என்று கேட்பதைவிட, உங்கள் கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, அதற்கு எந்த வழி என்று வைத்தியரிடம் கேட்பதே சரி. நகம் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் முழுக் கட்டியும் வெளியே வருவது அதைவிட முக்கியம் என்பது எனது அபிப்பிராயம். நகத்தில் விழும் ஒரு வரியோடு வாழலாம். மிச்சம் விட்ட துண்டோடு வாழ்வது கடினம்.

எல்லாம் முடிய ஒரு மணித்தியாலத்துக்குள்தான் ஆகும். அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். போகும்போது மோதிரம், வளையல்களை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவு இருந்தால், இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை பாவித்தால், கர்ப்பமாக இருந்தால், முன்பு பல் பிடுங்கும்போது போட்ட ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

விறைப்பு இறங்கியதும் வலிக்கும். இது வெட்டுக் காயத்தின் வலி. வைத்தியர் தந்த குளிசைக்கு அடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் கையைத் தொங்கப் போடாமல், உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். தொங்கினால் விரல் விண்விண் என்று தெறிக்கும். மற்ற விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கலாம். கட்டு நனையக் கூடாது. சமையல், துணி துவைத்தல், மீன் அறுத்தல் எல்லாவற்றையும் சில நாட்களுக்கு வீட்டில் மற்றவர்கள் பொறுப்பேற்கட்டும். கணவன்மாரும் இந்தப் பக்கத்தை வாசித்தால் நல்லது. வுழூவைப் பொறுத்தவரை, கட்டுப் போட்டிருப்பவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. கட்டின் மேல் ஈரக் கையால் தடவுவது, தயம்மும் செய்வது பற்றிய விபரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விரலை நனைத்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

விரல் நாளுக்கு நாள் கூடுதலாக வீங்கினால், சிவந்து சூடேறினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால் கிளினிக் திகதி வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள்.

பழைய வலி, அதாவது குளிர்ந்த தண்ணீரில் சுரீரென்று எழும்பிய அந்த வலி, பலருக்குச் சத்திரசிகிச்சையோடேயே நின்றுவிடும். காயம் ஆறும் வரை விரல் நுனி தொட்டால் கூசும். சிலருக்கு அது சில வாரங்கள், மாதங்கள்கூட நீடிக்கலாம். நகத்தைப் பற்றி அவசரப்படாதீர்கள். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளரும். புதிய நகம் முழுவதும் வர 4 முதல் 6 மாதங்கள் செல்லும். வரும்போது ஆரம்பத்தில் சொரசொரப்பாகவும் வரிவரியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் வளர வளரச் சீராகும். சிலருக்கு ஒரு வரியோ பிளவோ நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. மருதோன்றிக்கு அதுவரை பொறுமையாக இருங்கள்.

வெட்டி எடுத்த கட்டியை நோயியல் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அந்த இழையப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். பெரும்பாலானோருக்கு அதன் பிறகு இந்த விரலைப் பற்றி நினைக்கவே வேண்டியிருக்காது. ஒரு சிலருக்கு வலி மீண்டும் வருவதுண்டு. சில மாதங்களுக்குள்ளேயே அதே வலி, அதே புள்ளியில் திரும்பினால் கட்டியின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து 3 மாதமாகியும் பழைய வலி நீங்காவிட்டாலும் அப்படியே சந்தேகிக்க வேண்டும். பல வருடங்கள் கழித்து வந்தால் புதிதாக இன்னொன்று முளைத்திருக்கலாம். இரண்டு வகைக்கும் மீண்டும் சத்திரசிகிச்சை செய்து எடுக்க முடியும். ஒரே ஆளுக்குப் பல விரல்களில் இக்கட்டி வந்தால், உடம்பில் பால் கலந்த கோப்பி நிறத்தில் பல தழும்புகளும் மென்மையான முடிச்சுகளும் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நியூரோபைப்ரோமட்டோசிஸ் எனப்படும் பரம்பரை நோயுள்ளவர்களுக்கு அப்படி வருவதுண்டு.

மீண்டும் போக நேர்ந்தால் "போன முறையே செய்தாயிற்று, இனி என்ன" என்று யாரும் திருப்பி அனுப்ப இடம் கொடுக்காதீர்கள். முதல் சத்திரசிகிச்சையின் குறிப்பையும் அந்த ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். எந்த வழியாகப் போனார்கள், எந்த இடத்தில் எடுத்தார்கள் என்பது அதில் இருக்கும். வலிக்கும் புள்ளியைத் தீக்குச்சியால் தொட்டுக் காட்டுங்கள்.